குக்கர் விசில்களுக்கு நடுவே குரோஷா: வீட்டாருக்குக் கையால் பரிசு செய்ய முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம். காலை ஐந்தரைக்கு வெந்நீர் போடுவதில் தொடங்கும் நாள், இரவு பத்துக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதில் முடியும். நடுவில் இரண்டு பிள்ளைகள், அத்தை, சீசன் வந்தால் கடைகளுக்கு வீட்டிலேயே சாக்லேட் செய்து கொடுக்கும் வேலை. இதற்குள்தான் போன பொங்கலுக்கு மூன்று குல்லா, ஒரு வாசல் தோரணம், ஒரு குழந்தைப் போர்வை பின்னி முடித்துக் கொடுத்தேன். நேரம் எங்கே கிடைக்கிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரே மூச்சாக நேரம் கிடைத்ததே இல்லை. பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்ததுதான்.

அது, கொக்கி நுனி உள்ள ஒரே ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவால் மட்டும்தான் முடிந்தது. இரண்டு ஊசி வைத்து ஸ்வெட்டர் பின்னும்போது ஒரே சமயத்தில் எண்பது, நூறு கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், ஊசிமேல் உட்கார்ந்திருக்கும். பால் பொங்குகிறது என்று எழுந்து ஓடினால் பாதி நழுவிவிடும். குரோஷாவில் எப்போதும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதைச் சற்றுப் பெரிதாக இழுத்து ஒரு ஊக்கை மாட்டிவிட்டால் போதும். நான்கு நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே வேலை நிற்கும். அதனால் கீழே சொல்லும் எல்லாமே, எந்த நிமிடமும் கீழே வைக்கக்கூடிய வேலைகள்.

யாருக்கு, எங்கே, எப்போது

நூல் வாங்கப் போகும் முன் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் இருக்கும் ஊரை எழுதுங்கள். இது முக்கியம். முதன்முதலில் நான் பின்னிய பெரிய வேலை, மதுரையில் இருக்கும் அக்காவுக்கு ஒரு உல்லன் சால்வை. இரண்டு மாத உழைப்பு. அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் மதுரை வெயிலில் அதை எங்கே போர்த்துவது? இன்றும் பீரோவில்தான் இருக்கிறது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி படிகிறது. நமக்கு உல்லன் தினசரித் தேவை என்பதால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று கை தானாகப் போய்விடுகிறது. மேலே பூம்பாறை, மன்னவனூரில் இருப்பவருக்குக் குல்லாவும் மஃப்ளரும் செய்யுங்கள். கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரையில் இருப்பவருக்குப் பருத்தி நூலில் தோரணம், பாத்திரம் பிடிக்கும் துணி, தண்ணீர் பாட்டில் பை என்று செய்யுங்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. என் கைக்கு ஒரு பெரியவர் குல்லாவுக்கு 5 மணி நேரம் ஆகிறது. ஒன்பது இலைத் தோரணத்துக்கு 3 மணி நேரம். 48 சதுரம் உள்ள குழந்தைப் போர்வைக்குச் சதுரம் ஒன்றுக்கு 20 நிமிடம் வீதம் 16 மணி, சேர்த்துத் தைக்க 5 மணி. மூன்று குல்லா, ஒரு தோரணம், ஒரு போர்வை என்றால் மொத்தம் 39 மணி. ஒரு நாளைக்குச் சராசரியாக 40 நிமிடம் கிடைக்கிறது என்று வையுங்கள்: கிட்டத்தட்ட 59 நாள். அதோடு பாதியைக் கூட்டுங்கள். காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும். ஆக மூன்று மாதம். பொங்கலுக்குக் கொடுக்க வேண்டுமானால் அக்டோபர் பாதியிலாவது தொடங்கியிருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்கி, பட்டியலைப் பாதியாக்குங்கள். ஒரு குல்லாவை நன்றாக முடிப்பது மூன்றைத் தொடங்கி வைப்பதைவிட மேல்.

நூலும் ஊசியும்

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. மெல்லிய கம்பளி தரும் பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். அதனால் கொடைக்கானல் கடையில் தொங்கும் நூலெல்லாம் அந்த ஆட்டு ரோமம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. நம் கடைகளில் ‘உல்லன்’ என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல், பெரும்பாலும் லூதியானா பக்கத்து மில்களிலிருந்து வருவது. அக்ரிலிக் மோசம் என்று சொல்லமாட்டேன். விலை குறைவு, துவைக்க எளிது, பூச்சி அரிக்காது, தினமும் போடும் பிள்ளைகள் குல்லாவுக்கு அதுதான் சரி. ஆனால் எது என்று தெரிந்து வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். ரோமக் கம்பளி முடி கருகும் வாசனையோடு எரிந்து தானே அணையும், சாம்பல் விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகி, ஆறிய பிறகு கெட்டி மணியாகிவிடும்.

உருகும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை ஒருபோதும் அக்ரிலிக்கில் பின்னாதீர்கள். கையோடு ஒட்டிவிடும். அதற்குப் பருத்தி மட்டும்தான், அதுவும் இரண்டு அடுக்காக.

ஒரு பொருளுக்குத் தேவையான நூலை மொத்தமாக ஒரே தடவையில் வாங்குங்கள். உறையில் வண்ண எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் ஒன்று இருக்கும். அது எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை ஒரு கடையில் ‘அதே மெரூன்தான்’ என்று கொடுத்ததை நம்பி வாங்கி வந்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தது, பகலில் பார்த்தால் மஃப்ளரின் பாதி வேறு நிறம். எவ்வளவு நூல் வேண்டும் என்று தெரியாவிட்டால் முதலில் ஒரு உருண்டை மட்டும் வாங்கி ஒரு சதுரம் போட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு சதுரம் 8 கிராம் என்றால் 48 சதுரத்துக்கு 384 கிராம். சேர்க்கவும் ஓரம் கட்டவும் இன்னும் 80 கிராம்.

ஊசியில் மில்லிமீட்டர் அளவு பொறித்திருக்கும். நூலின் தடிப்பைப் பிளை என்பார்கள்: 4 பிளை நூலுக்கு 3 அல்லது 3.5, 8 பிளை நூலுக்கு 4, அதைவிடத் தடிப்புக்கு 5. முதலில் 4 மி.மீ. அலுமினிய ஊசி ஒன்று வாங்கினால் போதும். அதோடு சின்னக் கத்தரிக்கோல், தையல் டேப், பெரிய காது உள்ள கோணி ஊசி, நாலைந்து ஊக்கு. இவ்வளவையும் மூடி போட்ட ஒரு டிபன் பாக்ஸில் வைத்து, நூலோடு ஒரு துணிப்பையில் போட்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஆணியில் மாட்டுங்கள். பீரோவில் வைத்தால் அந்தப் பத்து நிமிடம் எடுக்கவும் வைக்கவுமே சரியாகப் போய்விடும். சிட்டமாக வரும் நூலை உருண்டையாகச் சுற்றும் வேலையை எங்கள் வீட்டில் அத்தை எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பேரன் இரண்டு கையையும் நீட்டி உட்கார, அத்தை கதை சொல்லிக்கொண்டே சுற்றுவார்கள். பரிசில் அவர்கள் இருவருக்கும் பங்கு வந்துவிடுகிறது.

நான்கு பின்னல்கள் போதும்

முதலில் ஒரு சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியில் சுற்றிக் கண்ணிக்குள் இழுத்தால் ஒரு சங்கிலி. முதல் இரண்டு நாள் சங்கிலி மட்டும் போடுங்கள். எல்லாம் ஒரே அளவாக வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

சிங்கிள்: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுங்கள், ஊசிமேல் இரண்டு வளையம் இருக்கும். நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளும் இழுங்கள். ஹாஃப் டபுள்: முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு உள்ளே விட்டு இழுங்கள், மூன்று வளையம் வரும். நூலைச் சுற்றி மூன்றுக்குள்ளும் ஒரே இழுப்பு. டபுள்: அதே மூன்று வளையம். ஆனால் இரண்டுக்குள் ஒரு இழுப்பு, மிச்சம் இரண்டுக்குள் இன்னொரு இழுப்பு. ஸ்லிப்: உள்ளே விட்டு நூலை இழுத்து, ஊசிமேல் இருக்கும் வளையத்துக்குள்ளும் அப்படியே இழுத்துவிடுவது. இது சேர்ப்பதற்கு மட்டும்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அத்தை சின்ன வயதில் ஒரு கன்னியாஸ்திரியிடம் கற்றவர்கள். நான் போனில் வீடியோ பார்த்துக் கற்றவள். ஒரே குறிப்பை வைத்து இருவரும் உட்கார்ந்தபோது, அத்தையுடையது குட்டையாகவும் என்னுடையது நெட்டையாகவும் வந்தது. காரணம், அமெரிக்காவில் சிங்கிள் என்பதை பிரிட்டனில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள்தான் பிரிட்டிஷ் ட்ரெபிள். குறிப்பில் எங்காவது ‘சிங்கிள்’ என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. நான் இங்கே எழுதுவதெல்லாம் அமெரிக்க முறை.

முதல் பரிசு: குல்லா

இதை விரிவாகவே சொல்கிறேன். மலையில் இருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பரிசு இல்லை. கணக்கு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் யார் தலைக்கும் பின்னலாம்.

தலையின் சுற்றளவை நெற்றிக்குமேல் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். தெரியாமல் செய்ய வேண்டுமென்றால் உத்தேசம் இது: ஒரு வயதுக் குழந்தைக்கு 46 செ.மீ., ஐந்து வயதில் 51, பெரியவர்களுக்கு 55 முதல் 58. குல்லா இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதால் பெரியவருக்கு 5 செ.மீ., குழந்தைக்கு 3 செ.மீ. கழியுங்கள். மிச்சத்தை 3.14-ஆல் வகுத்தால் உச்சித் தட்டின், அதாவது குல்லாவின் மேல் வட்டத்தின், அகலம் வரும். 56 செ.மீ. தலை என்றால் 51, வகுத்தால் 16 செ.மீ.

இரண்டு சங்கிலி போட்டு, முதலில் போட்ட சங்கிலிக்குள்ளேயே 8 ஹாஃப் டபுள் போடுங்கள். அது முதல் சுற்று. சேர்க்காமல் சுருள் போல மேலே தொடர்ந்து போங்கள், சுற்றின் முதல் கண்ணியில் மட்டும் ஒரு ஊக்கு இருக்கட்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு, மொத்தம் 16. மூன்றாம் சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, மொத்தம் 24. நான்காவதில் இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு, மொத்தம் 32. இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டு எட்டாகக் கூட்டி, தட்டு 16 செ.மீ. அகலம் வரும்வரை போங்கள். கண்ணி எண்ணிக்கையைவிட டேப்பை நம்புங்கள், ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு. தட்டின் ஓரம் பொரித்த அப்பளம் போல நெளிந்தால் கண்ணி கூடிவிட்டது. கிண்ணம் போலக் குவிந்தால் குறைந்துவிட்டது, அல்லது கை இறுகிவிட்டது. எண்ணிப் பார்த்துக் கணக்கு சரியாக இருந்தும் குவிந்தால் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறுங்கள்.

தட்டு முடிந்ததும் கூட்டுவதை நிறுத்தி, ஒரு கண்ணிக்கு ஒன்று என்று சுற்றிக்கொண்டே போனால் பக்கச்சுவர் தானாக இறங்கும். உச்சியிலிருந்து ஓரம்வரை பெரியவருக்கு 20 முதல் 22 செ.மீ., ஐந்து வயதுக்கு 18. காது மூட வேண்டும் என்றால் இன்னும் 4 செ.மீ. போட்டு மடித்துவிடலாம். விடியற்காலையில் பூண்டு வயலுக்குப் போகிறவர்களுக்கு மடிப்போடு செய்யுங்கள். காற்றடித்தால் இறக்கிக்கொள்ளலாம். கடைசியில் ஒரு சுற்று சிங்கிள், ஒரு ஸ்லிப், நூலை வெட்டி இழுத்துவிடுங்கள்.

உச்சித் தட்டு வரை எண்ண வேண்டிய வேலை. அதைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவருக்குக் கணக்கே தேவையில்லை. இட்லி வேகும் நேரம், டியூஷன் வாசல், தொலைக்காட்சி முன்னால், எங்கும் ஓடும். பேருந்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: மலைப்பாதை வளைவுகளில் குனிந்து பின்னினால் குமட்டும். வத்தலக்குண்டு தாண்டிச் சமவெளியில் இறங்கியபின் பையைத் திறங்கள்.

இரண்டாவது: சதுரம் சதுரமாகப் போர்வை

மதினிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் பெரிய போர்வையை ஒரே துண்டாகத் தொடங்காதீர்கள். அது வளர வளரக் கனக்கும், எடுத்து வைக்க இடம் வேண்டும், ஒரு தப்பு நடந்தால் ஐந்து வரிசை பிரிக்க வேண்டும். சதுரம் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு சதுரம் முடிந்தால் ஒரு வேலை முடிந்தது, அன்றைக்கு அந்த நிறைவு போதும்.

4 சங்கிலி போட்டு ஸ்லிப்பில் சேர்த்து வளையமாக்குங்கள். 3 சங்கிலி எழுப்புங்கள், அது ஒரு டபுளுக்குச் சமம். வளையத்துக்குள் இன்னும் 2 டபுள், பிறகு 2 சங்கிலி. அப்புறம் ‘3 டபுள், 2 சங்கிலி’ என்று மூன்று தடவை. ஸ்லிப்பில் சேருங்கள். நான்கு கொத்து, நான்கு மூலை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் 3 டபுள், 2 சங்கிலி, 3 டபுள். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போகும்போது 1 சங்கிலி. மூன்றாம் சுற்றிலிருந்து, மூலை அப்படியே, நடுப்பக்க இடைவெளிகளில் 3 டபுள் மட்டும். 8 பிளை நூலில் நான்கு சுற்றுக்கு 10 செ.மீ. அளவு சதுரம் வரும். ஆறுக்கு எட்டாக வைத்தால் 60-க்கு 80 செ.மீ.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் நூல் முனையை அப்போதே கோணி ஊசியால் உள்ளே ஓட்டிவிடுங்கள். ஒரு பக்கம் 4 செ.மீ. ஓட்டி, திரும்பி எதிர்ப்பக்கம் ஒரு 2 செ.மீ. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் கடைசியில் 96 முனை காத்திருக்கும். எத்தனையோ போர்வை அந்த இடத்தில்தான் மூட்டைக்குள் போய்விடுகிறது. குழந்தைக்கான பொருளில் இது பாதுகாப்பும்கூட. தொங்கும் நூல் சின்ன விரலில் சுற்றி இறுகிவிடும். பொத்தான், மணி எதுவும் வைக்க வேண்டாம். பொம்மைக்குக் கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள்.

மூன்றாவது: மாவிலைத் தோரணம்

சமவெளி உறவுகளுக்கு இது நல்ல பரிசு. பச்சைப் பருத்தி நூல், 3.5 ஊசி. 19 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 1 சிங்கிள், 2 ஹாஃப் டபுள், 12 டபுள், 2 ஹாஃப் டபுள், 1 சிங்கிள். நுனியில் 2 சங்கிலி. இப்போது அதே சங்கிலியின் மறுபக்க ஓரத்தில் அதே வரிசையைத் திரும்பப் போட்டு ஸ்லிப்பில் முடியுங்கள். நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கி, மாவிலையே வந்துவிடும். 90 செ.மீ. வாசலுக்கு 9 இலை. மஞ்சள் நூலில் 120 செ.மீ. சங்கிலி போட்டு, மேலே ஒரு வரிசை சிங்கிள் போட்டுக்கொண்டே வரும்போது, இரு பக்கமும் கட்டுவதற்கு 15 செ.மீ. விட்டு, 10 செ.மீ.-க்கு ஒரு இலையைச் சேர்த்துப் பின்னிவிடுங்கள்.

துவைத்தல், உலர்த்தல், கொடுத்தல்

பின்னி முடித்ததை அப்படியே கொடுக்காதீர்கள். இத்தனை நாள் அடுப்படியில் இருந்தது, கை எண்ணெய் ஏறியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி எடுங்கள். தட்டையாகப் பரப்பி மூலைகளை ஊசி குத்தி நேராக்கி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். அக்ரிலிக்மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, நூல் உயிர் போய்த் துவண்டுவிடும். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும், ஒரு குல்லா காயவே மூன்று நாள் ஆகும். அதனால் உலர்த்த ஒரு வாரத்தைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். ஈரத்தோடு கவரில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். பிளாஸ்டிக் வேண்டாம், பழைய பருத்தித் துணியில் சுற்றி, ரோமக் கம்பளியாக இருந்தால் உலர்ந்த வேப்பிலை கொஞ்சம் வையுங்கள்.

ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு, குரோஷாவுக்கு இன்றும் கைதான். கடையில் தொங்கும் குரோஷாப் பொருளும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னியதே. இதை வாங்கிக்கொள்பவருக்குச் சொல்லுங்கள், துவைக்கும் முறையையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

சீட்டோடு, பின்னிய அதே நூலில் ஒரு மூன்று மீட்டர் சுற்றி வைக்க மறக்காதீர்கள். பூம்பாறையில் இருக்கும் அம்மாவின் சிவப்புக் குல்லா வேலிக் கம்பியில் மாட்டி ஓரம் பிரிந்தபோது, பெட்டியிலிருந்து அந்த நூலைத் தேடி எடுத்துக் குல்லாவோடு சேர்த்துப் பேருந்தில் கொடுத்தனுப்பினார்கள். சாயங்காலம் வந்தது, அரிசி வேகும் நேரத்தில் ஓரத்தைக் கட்டி, காலை முதல் பேருந்தில் திருப்பி அனுப்பிவிட்டேன்.